அம்மாவோடு ஜனவரியில் துங்கநாத் போகலாமா?

பொங்கல் விடுமுறையில் 61 வயது அம்மா, கணவர், கல்லூரியில் படிக்கும் மகன் என்று நாலு பேராக உத்தராகண்ட் போய், பனியில் நடந்து துங்கநாத் மலைமேல் உள்ள சிவன் கோயிலைத் தரிசிக்க ஆசைப்படுகிறீர்கள். ‘நாலே கிலோமீட்டர், யார் வேண்டுமானாலும் ஏறலாம், பனிக்கு நடுவே சிவ தரிசனம்’ என்று பயண ஏற்பாட்டாளர் சொல்வதை நம்பலாமா என்பது உங்கள் கேள்வி. அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை உண்டு, முழங்கால் வலி இல்லை, தினமும் நடக்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ஜனவரியில் அங்கே சாமி பார்க்க முடியுமா என்பது ஒன்று. பனி மூடிய அந்த மலையில் நீங்கள் நாலு பேரும் ஏறி இறங்க முடியுமா என்பது இன்னொன்று. ஏற்பாட்டாளர் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ‘ஆமாம்’ போட்டுவிட்டார். முதலாவதற்குப் பதில், முடியாது. இரண்டாவதற்கு, வானிலை ஒத்துழைத்தால் உங்களில் மூன்று பேருக்கு முடியும். அம்மாவுக்கு வேறொரு வழி இருக்கிறது. அவர் சாமி பார்க்க வருகிறார் என்றால் அதுதான் சரியான வழி என்பேன்.

நான் உத்தரகாசியில் உள்ள நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தில் அடிப்படைப் பயிற்சி முடித்தவன். குளிர்காலத்தில் கார்வால் பக்கம் சிறு குழுக்களை அழைத்துப் போவது பல வருடப் பழக்கம். மருத்துவர் இல்லை. உடம்பைப் பற்றிக் கீழே சொல்வதெல்லாம் மலையேறிகளுக்குக் கற்றுத்தரும் அளவுதான். அம்மாவைப் பார்க்கும் மருத்துவர் சொல்வதே முடிவு.

முதலில் தரிசனம். தீபாவளி முடிந்ததும், பெரும்பாலும் நவம்பர் முதல் வாரத்தில், துங்கநாத்தில் நடை சாத்திவிடுவார்கள். மறுபடி திறப்பது ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோதான். இடைப்பட்ட ஆறு மாதமும் உற்சவ மூர்த்தி மேலே இருப்பதில்லை. டோலியில் எழுந்தருளச் செய்து, வழியில் தங்கித் தங்கி, கீழே மக்குமட் கிராமத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். குளிர்காலப் பூஜை முழுக்க அங்கேதான். துங்கநாத்தில் பூஜை செய்பவர்களும் இந்த மக்குமட் ஊர்க்காரர்களே. கேதார்நாத்தில் கர்நாடகத்து வீரசைவ மரபிலிருந்து வரும் ராவல் தலைமை அர்ச்சகராக இருப்பது போன்ற ஏற்பாடு இங்கே கிடையாது. ஆக, ஜனவரியில் ஏறிப் போனால் நீங்கள் பார்ப்பது பூட்டிய கதவு, பனியில் பாதி புதைந்த நந்தி, ஷட்டர் இறக்கிய கடைகள். வாசலில் நின்று கும்பிட்டுவிட்டு வரலாம், நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் ‘தரிசனம்’ என்று சொல்லிக் காசு வாங்குகிறவர் ஒன்று விஷயம் தெரியாதவர், அல்லது தெரிந்தே மறைக்கிறவர்.

இதைக் கேட்டு அம்மாவுக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆனால் துங்கநாத்தையும் சேர்த்துப் பஞ்ச கேதாரம் எனப்படும் ஐந்து சிவத்தலங்களையும் அதிகம் மலையேறாமல் தரிசிக்க வாய்க்கிற காலம் இந்தக் குளிர்காலம்தான். கேதார்நாத், மத்தியமகேசுவர் இரண்டுக்கும் குளிர்கால இருப்பிடம் உக்கிமட் ஓங்காரேசுவரர் கோயில். துங்கநாத்துக்கு மக்குமட். ருத்ரநாத்துக்கு கோபேசுவரில் உள்ள கோபிநாத் கோயில். ஐந்தாவதான கல்பேசுவர் சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் உர்கம் பள்ளத்தாக்கில் இருக்கிறது. அது மட்டும் வருடம் முழுக்கத் திறந்திருக்கும். பாண்டவர்களுக்குப் பிடிகொடுக்காமல் காளை உருவில் மண்ணுக்குள் மறைந்த சிவனின் திமில் கேதாரத்திலும், கைகள் துங்கநாத்திலும், முகம் ருத்ரநாத்திலும், தொப்புள் மத்தியமகேசுவரிலும், சடை கல்பேசுவரிலும் வெளிப்பட்டன என்பது ஐதிகம். கோடையில் இந்த ஐந்தையும் பார்க்கிறவர்கள் மலை மலையாக ஏறி இறங்க வேண்டும், ருத்ரநாத் ஒன்றே ஆளை அசத்திவிடும். உங்கள் அம்மாவோ முதல் மூன்றை உக்கிமட் வட்டாரத்திலேயே காரில் போய்ப் பார்த்துவிடலாம். மீதி இரண்டும் சமோலி மாவட்டத்தில். துங்கநாத் ஏற்றம் தொடங்கும் சோப்தாவிலிருந்து மண்டல் வழியாகக் கோபேசுவருக்கு நேர்ச்சாலை உண்டு, பனியில் அது அடைபடும். அப்படியானால் ருத்ரப்பிரயாகை வந்து சுற்றிப் போக வேண்டும், கூடுதலாக இரண்டு நாள் வேண்டியிருக்கும்.

கோயிலைப் பற்றி இணையத்தில் ஓடும் சில செய்திகளையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். ‘உலகிலேயே உயரத்தில் உள்ள சிவன் கோயில்’ என்ற வரியை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பொதுவாகச் சொல்லப்படும் உயரம் 3,680 மீட்டர், அதற்கு மேலே உள்ள சந்திரசிலா உச்சிக்கு 4,000 மீட்டர். கையில் ஜி.பி.எஸ். கருவியோடு நடப்பவர்களுக்குக் கோயில் வாசலில் பெரும்பாலும் 3,500ஐ ஒட்டியும், உச்சியில் 3,700ஐ ஒட்டியும்தான் காட்டுகிறது. கோயிலுக்கு ஆயிரம் வயது, ஆதிசங்கரர் கட்டுவித்தது என்பதெல்லாம் மரபுவழிச் செய்தி. கல்வெட்டுச் சான்றோடு நிறுவப்பட்டதல்ல. கட்டடம் சற்றுச் சாய்ந்திருக்கிறது என்பது மட்டும் வதந்தி இல்லை. மூலக்கோயில் 5, 6 டிகிரியும் சுற்றியுள்ள சிறு சன்னதிகள் 10 டிகிரி வரையும் சாய்ந்திருப்பதாக இந்தியத் தொல்லியல் துறையின் ஆய்வில் தெரியவந்த செய்தி 2023இல் வெளியானது.

இனி வழி. சோப்தா ஏறக்குறைய 2,700 மீட்டர். அங்கிருந்து கோயிலுக்கு மூன்றரை, நாலு கிலோமீட்டர், முழுக்கக் கல் பாவிய பாதை. மே மாதத்தில் பாட்டிமார்கள் செருப்போடு ஏறுகிறார்கள், கால் முடியாதவர்கள் குதிரையில் போகிறார்கள். ‘யார் வேண்டுமானாலும்’ என்பது அந்தப் பாதைக்குச் சொன்ன வார்த்தை. ஜனவரியில் அந்தப் பாதையே கண்ணுக்குத் தெரியாது. கற்களின் மேல் பனி விழுந்து, ஆட்கள் மிதித்து மிதித்து இறுகி, மலைச்சரிவோடு சேர்ந்து வெளிப்பக்கம் சாய்ந்த ஒரு தடமாகிவிடும். கைப்பிடிக் கம்பி உள்ள இடங்களில் அதன் தலை மட்டும் பனிக்கு மேல் துருத்திக்கொண்டிருந்தால், எவ்வளவு உயரப் பனியின் மேல் நடக்கிறோம் என்று அதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம். புராஸ் (ரோடோடென்ட்ரான்) மரக்காட்டைத் தாண்டிப் புல்வெளி திறக்கும் வரை பரவாயில்லை. அதற்கு மேல் வரும் கொண்டைஊசி வளைவுகளில், வெயில் படாத பக்கத்தில்தான் சிக்கல். மத்தியான வெயிலில் மேல்பனி கொஞ்சம் உருகும், முந்தின ஆட்களின் காலடிக் குழிகளில் தண்ணீர் நிற்கும், மூன்று மணிக்கு நிழல் விழுந்ததும் அது கண்ணாடியாகிவிடும். அதன் மேல் அன்று சாயங்காலம் ஒரு விரல் புதுப்பனி தூவிவிட்டால், பார்க்கப் பஞ்சு மாதிரி இருக்கும், உள்ளே வழுக்குப்பாறை. குதிகாலைக் கொஞ்சம் பலமாக ஊன்றிப் பாருங்கள். ‘மொறுக்’ என்று உள்ளே இறங்கினால் நடக்கலாம். ‘டக்’ என்று கல்லைத் தட்டின சத்தம் வந்தால் பூட்ஸில் முள்சங்கிலி மாட்டாமல் அடுத்த அடி வைக்கக் கூடாது.

மைக்ரோஸ்பைக் எனப்படும் அந்த முள்சங்கிலி சோப்தாவில் வாடகைக்குக் கிடைக்கும். பல ஜோடிகளில் ரப்பர் தளர்ந்திருக்கும், ஒன்றிரண்டு கண்ணிகள் அறுந்திருக்கும். அறைக்குள்ளேயே உங்கள் பூட்ஸில் மாட்டி இழுத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். முடிந்தால் சொந்தமாக ஒன்று வாங்கிவிடுவதே மேல். மிதிபட்ட தடத்துக்கு இது போதும். கோயிலுக்கு மேலே சந்திரசிலா வரையுள்ள ஒன்றரை கிலோமீட்டருக்கு இது போதும் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே கல்பாதை கிடையாது, சரிவு கூடுதல், பனி இறுகியிருக்கும் நாளில் வழுக்கினால் தானாக நிற்க இடமில்லை. அது கிராம்பானும் (பூட்ஸில் கட்டும் நீளமான இரும்பு முட்கள்) பனிக்கோடரியும் பழகினவர்களுக்கான இடம். பனி மென்மையாக, தடம் ஆழமாக உள்ள நாளில் முதல்முறை வருகிறவர்களும் போய் வருகிறார்கள். எந்த நாள் எப்படி என்பதைக் கூட வரும் உள்ளூர் வழிகாட்டிதான் சொல்ல முடியும், இங்கிருந்து யாராலும் சொல்ல முடியாது. நந்தாதேவி, திரிசூல், சௌகம்பா சிகரங்கள் எல்லாம் அங்கிருந்து தெரியும் என்பது உண்மைதான். சௌகம்பாவைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டியதே இல்லை, வானம் தெளிவாக இருந்தால் தேவரியா தால் ஏரிக்கரையிலேயே எதிரே நிற்கும்.

உச்சியில் சூரியோதயம் காட்டுகிறேன் என்று விடியற்காலை மூன்று மணிக்குக் கிளப்பும் வழக்கம் ஒன்று இருக்கிறது. ஜனவரியில் எனக்கு அது கொஞ்சமும் பிடிப்பதில்லை. அந்த வட்டாரத்தில் அப்போது சூரியன் எழ ஏழே கால் ஆகிறது. மூன்று மணிக்குக் கிளம்பினால் நாலு மணி நேரம் இருட்டில், அன்றைய நாளின் உச்சக் குளிரில், பனி ஆக இறுகலாக இருக்கும் வேளையில் நடக்க வேண்டும். தலைவிளக்கு வெளிச்சத்தில் சரிவின் ஆழம் தெரியாது, அதனால் பயமும் தெரியாது. படம் அழகாக வரும். உங்களை விடிந்த பிறகு, ஏழு, ஏழரைக்குக் கிளப்பச் சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளாத ஏற்பாட்டாளர் வேண்டாம்.

அதேபோல, திரும்பும் நேரத்தைக் கிளம்பும்போதே பேசிவிடுங்கள். புதுப்பனி முழங்கால் வரை கிடந்தால் நாலு கிலோமீட்டருக்கு ஐந்து, ஆறு மணி நேரம்கூட ஆகும். ஐந்தரைக்கெல்லாம் அஸ்தமனம். எங்கள் குழுக்களில் மத்தியானம் ஒரு மணி என்றால் ஒரு மணி. கோயில் கோபுரம் கண்ணில் பட்டாலும் அங்கிருந்து திரும்பிவிடுவோம். கால் சோர்ந்து, தடம் கண்ணாடியாகி, ‘இனி இறக்கம்தானே’ என்று கவனம் விடுபடும் நேரத்தில்தான் ஆட்கள் விழுகிறார்கள். பூட்டிய கதவு வரை தொட்டுவிட்டு வருவதற்காக அந்த ஒரு மணியைத் தள்ளிப்போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

வானிலையில் உறுதியாகச் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். அங்கே குளிர்காலப் பனிப்பொழிவு மத்தியதரைக்கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்திய இடையூறுகள் என்ற வானிலை அமைப்புகளால் வருவது. அவை எப்போது எவ்வளவு பலமாக வரும் என்பதை நாலைந்து நாளுக்கு முன்னால்தான் ஓரளவு கணிக்க முடியும். ‘ஜனவரியில் பனி கேரண்டி’ என்பது வியாபாரப் பேச்சு. 2024 ஜனவரியில் உத்தராகண்டில் மழையும் பனியும் வெகு சொற்பமாக இருந்து, பனி பார்க்கப் போனவர்கள் காய்ந்த புல்லைப் பார்த்துவிட்டு வந்தார்கள். எதிர்மாறாக, ஒரே இரவில் சாலை மூடி, வண்டி சோப்தாவுக்கு முன்னால் உள்ள துகல்பிட்டாவோடு நின்றுவிடும் வருடங்களும் உண்டு. அப்போது சோப்தா வரையே பனியில் சில கிலோமீட்டர் நடக்க வேண்டும். வானிலைத் துறையின் ருத்ரப்பிரயாகை மாவட்ட முன்னறிவிப்பையும், சண்டிகரில் உள்ள டி.ஆர்.டி.ஓ. (பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பு) பிரிவு வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையையும் கிளம்புவதற்கு முதல் நாள் பாருங்கள். பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சரிவுகளில், பலத்த பனிப்பொழிவு நடக்கும்போதும் அதை அடுத்த ஓரிரு நாளிலும் நடக்கின்றன. பலமாகப் பனி விழுந்து ஓய்ந்த மறுநாள் வானம் நீலமாக இருக்கும், எல்லோருக்கும் கிளம்பத் தோன்றும். அன்று ஏறாதீர்கள்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். உயரம் தரும் நோய் 2,500 மீட்டருக்கு மேல் யாருக்கும் வரலாம், தினசரி நடைப்பயிற்சி அதைத் தடுக்காது. 3,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவே. தலைவலியோடு பசியின்மை, குமட்டல், தலைசுற்றல் சேர்ந்தால் அதற்கு மேல் ஏறக் கூடாது. ஓய்வில் இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ, இரவானாலும் உடனே கீழே இறக்க வேண்டும். கட்டுப்பாட்டில் உள்ள ரத்த அழுத்தம் மட்டும் ஒருவரைத் தடுத்துவிடாது. ஆனால் மாத்திரை எது என்பது முக்கியம். சில வகை மாத்திரைகள் இதயத்துடிப்பைக் கூடவிடாமல் பிடித்து வைப்பதால் ஏற்றத்தில் சீக்கிரம் களைப்பு வரும்; சில வகைகள் நீரை வெளியேற்றும். உயர நோயைத் தடுக்க அசெட்டசோலமைட் 125 மில்லிகிராம் காலை மாலை என்று பெரியவர்களுக்குப் பொதுவாகக் கொடுப்பார்கள், ஏறுவதற்கு முதல் நாளே தொடங்குவார்கள்; சல்பா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஒத்துவராமல் போகலாம். இதை மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். என்னைக் கேட்டால், அம்மாவுக்கு உயரத்தைவிடப் பெரிய ஆபத்து வழுக்கல்தான். அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால், பனிக்கு நடுவே ஸ்ட்ரெச்சரில் சோப்தா வந்து, அங்கிருந்து மலைச்சாலையில் பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேர ஒரு நாளே ஆகிவிடும். அதனால்தான் ஏற வேண்டாம் என்கிறேன்.

உடையைப் பற்றி எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள், அதனால் விடுபடுகிறவற்றை மட்டும் சொல்கிறேன். ஜீன்ஸும் பருத்திப் பனியனும் கூடாது, நனைந்தால் காயாது. கருப்புக் கண்ணாடி அலங்காரத்துக்கு அல்ல; புதுப்பனி புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியைத் திருப்பி முகத்தில் அடிக்கும், கண்ணாடி இல்லாமல் ஒரு பகல் நடந்தால் இரவில் கண்ணில் மணல் போட்டாற்போல் எரியும். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாகப் பையில் வையுங்கள். நீர் மேற்புறத்திலிருந்து உறையும் என்பதால் மூடி அடைபடாது. போனை உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள், வெளியே வைத்தால் பாதி சார்ஜிலேயே அணைந்துவிடும். விரல் வெளுத்து உணர்ச்சியற்றுப் போனால் பனியை வைத்துத் தேய்க்கும் பழைய வைத்தியம் தவறு, தேய்க்கவே கூடாது. அக்குளில் வைத்துச் சூடாக்குங்கள். வழக்கமாகக் கலகலப்பாகப் பேசும் ஆள் முணுமுணுத்து, எரிந்து விழுந்து, கையிலிருப்பதை நழுவவிட்டு, கால் இடறினால், அது கோபம் அல்ல, உடல் சூடு இறங்குகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகன் வயதுப் பையன்கள் இதை ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படித் திட்டமிடுவேன். ரிஷிகேசத்திலிருந்து முதல் நாள் உக்கிமட், அது 1,300 மீட்டர்தான், அம்மாவும் நன்றாகத் தூங்குவார். போகிற வழியில் அலகநந்தாவும் பாகீரதியும் கூடும் தேவப்பிரயாகையில் இறங்குங்கள்; அங்குள்ள ரகுநாதர் கோயில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று, திருக்கண்டமென்னும் கடிநகர். பணத்தை உக்கிமட் வருவதற்குள் எடுத்துக்கொள்ளுங்கள், சோப்தாவில் ஏ.டி.எம். எதிர்பார்க்க முடியாது, போன் சிக்னலும் நம்பும்படி இல்லை. இரண்டாம் நாள் காலையில் ஓங்காரேசுவரர், பிறகு எதிர்க்கரையில் உள்ள குப்தகாசி விசுவநாதர். மூன்றாம் நாள் மக்குமட் தரிசனம், இரவு சாரி கிராமத்தில். நீங்கள் மூவரும் அங்கிருந்து தேவரியா தால் வரை ஏறி இறங்கினால் அதுவே நல்ல ஒத்திகை. அந்த ஏற்றத்திலேயே மூச்சு முட்டினால் அடுத்த நாளைப் பற்றி மறுபடி யோசிக்கலாம். நான்காம் நாள் நீங்கள் மூவரும் வழிகாட்டியோடு சோப்தாவிலிருந்து கோயில் வரை. அம்மா சாரியிலேயே இருக்கட்டும். சாலை திறந்திருந்தால் சோப்தா வரை காரில் வந்து பனியைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். ஐந்தாம் நாளைக் காலியாக விடுங்கள், வானிலை ஒரு நாள் தள்ளினால் அது உதவும்.

ஏற்பாட்டாளரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன் நாலு கேள்வி கேளுங்கள். வழிகாட்டி உள்ளூர்க்காரரா, முதலுதவி பயின்றவரா? ஆக்சிஜன் உருளையும் ஸ்ட்ரெச்சரும் சோப்தாவில் தயாராக இருக்குமா? கேதார்நாத் வனவிலங்கு சரணாலயத்தின் நுழைவுச்சீட்டை அவர்களே வாங்குவார்களா? வழிகாட்டி ‘இன்று வேண்டாம்’ என்று திருப்பினால் பணம் பற்றி உங்களோடு சண்டை வருமா? கடைசிக் கேள்விக்கு அவர் இழுத்துப் பதில் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள். டேராடூன் விமானத்தையும் மலையிறங்கும் அன்றே போடாதீர்கள். உக்கிமட்டிலிருந்து ரிஷிகேசம் சாதாரண நாளிலேயே ஏழெட்டு மணி நேரம், மண் சரிந்தால் கணக்கே கிடையாது. ரிஷிகேசத்தில் ஓர் இரவு தங்கி மறுநாள் பறப்பதுபோல் டிக்கெட் எடுங்கள்.